செஸ்ஸைச் சேர்ந்து ஆடுவது எப்படி: பக்ஹவுஸ், ஹேண்ட் அண்ட் பிரெயின், ஹெல்ப்மேட்

கேள்வி இது: வீட்டில் நான்கு பேர். ஒருவர் நன்றாக செஸ் ஆடுவார், மற்ற மூவரும் சுமார். எப்போதும் ஒருவரே ஜெயிப்பதால் மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. கூட்டாளியாகச் சேர்ந்து ஆடும் செஸ் வகைகள் என்னென்ன, எதில் தொடங்கலாம்?

வகைகள் நிறைய உண்டு. எது தேறும், எது தேறாது என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: கூட்டாளிகள் தங்களுக்குள் எவ்வளவு பேசிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது? எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல ஆட்டம். ஒரே போர்டின் முன் இருவர் உட்கார்ந்து தாராளமாகப் பேசி ஆடினால், பத்து நகர்வுக்குள் பலமானவர் ஆடிக்கொண்டிருப்பார், மற்றவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். பேசி ஆடினால் பலம் கூடும் என்பதும் நிச்சயமில்லை. 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பிரன்ஸ்விக் கோமகனும் கவுண்ட் இசுவாரும் கலந்து பேசி, அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பால் மார்ஃபியோடு ஆடினார்கள். மார்ஃபி 17-ஆவது நகர்வில் செக்மேட் செய்தார்.

ஆகவே, கூட்டாளிகளுக்கு நடுவே குறுகலான ஒரு வழியை மட்டும் திறந்துவைக்கும் வகைகளைத்தான் பரிந்துரைக்கிறேன். பக்ஹவுஸில் அந்த வழி, கைமாறும் காய்களும் கடிகாரமும். ஹேண்ட் அண்ட் பிரெயினில் ஒரே ஒரு சொல். ஹெல்ப்மேட்டில் போர்டில் நிற்கும் காய்களைத் தவிர எதுவும் இல்லை. நான்கு பேர் இருப்பதால் பக்ஹவுஸிலிருந்து தொடங்குகிறேன். கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதும் அதில்தான்.

பக்ஹவுஸுக்கு இரண்டு போர்டு, இரண்டு செட் காய், இரண்டு செஸ் கடிகாரம் வேண்டும். காய்கள் ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு செட்டும் ஒரே அளவில், ஒரே மாதிரி இருப்பது நல்லது. மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கூட்டாளிகள் இருவரும் ஒரே பக்கம் அருகருகே உட்கார வேண்டும். ஒருவர் வெள்ளை, மற்றவர் கறுப்பு. இதற்குக் காரணம் உண்டு: வெள்ளை ஆடுபவர் வெட்டுவது கறுப்புக் காய், பக்கத்தில் கூட்டாளி ஆடுவதும் கறுப்பு. வெட்டிய காயைக் கையில் கொடுத்தால் அவர் அப்படியே இறக்கிவிடலாம். கடிகாரங்களை இரு போர்டுகளின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் காய் கைமாறும் இடத்தில் இடிக்கும். நால்வருக்கும் இரண்டு கடிகாரமும் தெரிய வேண்டும், அது முக்கியம்.

ஆளுக்கு 5 நிமிடம் வைத்துத் தொடங்குங்கள், பழகியபின் 3 நிமிடம். நகர்வுக்கு இத்தனை நொடி கூடும் என்ற ஏற்பாடு இங்கே வேண்டாம். பின்னால் சொல்லப்போகும் நேரக் கணக்கு அதனால் குலைந்துவிடும்.

ஒவ்வொரு போர்டிலும் வழக்கமான செஸ்தான். ஆனால் உங்கள் முறை வரும்போது போர்டில் ஒரு காயை நகர்த்தலாம், அல்லது கூட்டாளி கொடுத்த காய் ஒன்றைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். இறக்குவதும் ஒரு நகர்வு, உடனே கடிகாரத்தை அழுத்த வேண்டும். இறக்கும்போதே செக் கொடுக்கலாம், செக்மேட்டும் செய்யலாம். சிப்பாயை மட்டும் 1-ஆவது, 8-ஆவது வரிசையில் இறக்கக் கூடாது. வெள்ளை தன் சிப்பாயை 7-ஆவது வரிசையில் இறக்கலாம், அடுத்த நகர்வில் அது ராணியாகிவிடும். அப்படி ராணியான சிப்பாய் வெட்டுப்பட்டால் கூட்டாளிக்குச் சிப்பாயாகத்தான் போகும். அதனால் அதை அடையாளம் தெரியும்படி சாய்த்து வைப்பது வழக்கம். வெட்டியவர் தன் நகர்வை முடித்துக் கடிகாரத்தை அழுத்திய பிறகே காயைக் கொடுக்க வேண்டும். கைவசம் உள்ள காய்கள் மேஜைமேல் எதிராளிக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். கைக்குள் மூடி வைப்பது தகராறில் போய்தான் முடியும். எந்தப் போர்டில் முதலில் செக்மேட் ஆனாலும், யாருக்கு முதலில் நேரம் தீர்ந்தாலும், இரண்டு போர்டுக்கும் அதுவே முடிவு.

ஆடத் தொடங்கும் முன்பே ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து யானை செக் கொடுக்கிறது, தப்ப வழியில்லை, ஆனால் நடுவே ஒரு காயை இறக்கினால் மறைக்கலாம். இப்போது கையில் காய் இல்லை. இது செக்மேட்டா? பெரும்பாலும் பின்பற்றும் வழக்கப்படி இல்லை. கூட்டாளி காய் அனுப்பும்வரை, தன் நேரம் ஓட ஓட அவர் காத்திருக்கலாம். ஒட்டி நின்று கொடுக்கும் செக்கையும் குதிரை கொடுக்கும் செக்கையும் எதை இறக்கியும் மறைக்க முடியாது, எனவே அவைதான் உறுதியான செக்மேட். இந்த ஒரு வித்தியாசமே பக்ஹவுஸில் குதிரையின் மதிப்பைத் தூக்கி நிறுத்துகிறது. கூடவே ஒரு நுணுக்கம்: கடைசி வரிசையில் பக்கவாட்டில் வரும் யானை செக்கைச் சிப்பாயால் மறைக்க முடியாது, அங்கே சிப்பாய் இறக்க விதியில்லை. கையில் நான்கு சிப்பாய் குவிந்திருந்தும் ஒரு குதிரையோ பிஷப்போ இல்லாமல் அங்கேயே தோற்றுப் போவார்கள்.

காய்களின் போக்கு புரிந்தால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி. நீங்கள் வெட்டும் காய் உங்கள் கூட்டாளிக்குப் போகிறது. நீங்கள் இழக்கும் காய் உங்கள் எதிராளி வழியாக அவருடைய கூட்டாளிக்குப் போய், உங்கள் கூட்டாளியின் ராஜாமேல் இறங்குகிறது. ஆகவே ஒரு குதிரைக்கு ஒரு குதிரை என்று சமமாகத் தோன்றும் பரிமாற்றம் இங்கே சமமானதல்ல. உங்கள் கூட்டாளி தாக்குதலில் இருக்கிறார், அவர் ராஜா பத்திரமாக இருக்கிறது என்றால் வெட்டித் தள்ளுங்கள், அவருக்குக் குண்டு கிடைக்கும். அவர் ராஜா திறந்து கிடக்கிறது என்றால் ஒரு சிப்பாயைக்கூடப் பறிகொடுக்காதீர்கள். ராணியை மாற்றிக்கொள்வதற்கு முன் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். புதியவர்கள் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை, பக்கத்துப் போர்டைப் பார்க்காமல் ராணிக்கு ராணி வெட்டியதில்தான் திரும்புகின்றன.

மதிப்பும் மாறிவிடும். சிப்பாய் 1, குதிரை, பிஷப், யானை மூன்றும் 2, ராணி 4 என்று ஆடுபவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு ஓரளவு சரி. யானை இப்படி இறங்கிவிடக் காரணம், அதற்குத் திறந்த வழியும் நேரமும் வேண்டும். இங்கே எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) என்ற ஒன்றே அநேகமாக வருவதில்லை. எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் உடனே இறங்கி வேலை செய்யும் காய்களுக்குத்தான் மதிப்பு. சிப்பாயையும் லேசாக எண்ணாதீர்கள். ராஜாவைச் சுற்றி ஓட்டை அடைக்கவும், எதிராளியின் சுவரைப் பிளக்கவும் அதைவிட மலிவான கருவி இல்லை.

தாக்குதல் குவியும் இடம் கறுப்பின் பக்கத்தில் எஃப்7, வெள்ளையின் பக்கத்தில் எஃப்2 (எழுத்து நெடுவரிசையை, எண் குறுக்கு வரிசையைக் குறிக்கும்). தொடக்கத்தில் அந்தக் கட்டத்தை ராஜா ஒன்றுதான் காக்கிறது. சாதாரண செஸ்ஸில் சி4 பிஷப் எஃப்7-ஐ வெட்டி, ராஜா அதைத் திருப்பி வெட்டினால் பெரும்பாலும் வெள்ளைக்கு நஷ்டம். இங்கே கையில் ஒரு குதிரை இருந்தால் அதை இ5-இலோ ஜி5-இலோ செக்கோடு இறக்கலாம். அடுத்து வரும் ஒவ்வொரு காயும் செக்கோடு இறங்கினால் எதிராளிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எதிராளிக்குத் திருப்பித் தாக்க ஒரு நகர்வு கொடுத்தால் நீங்கள் தியாகம் செய்த பிஷப் பக்கத்துப் போர்டில் உங்கள் கூட்டாளிமேல் இறங்கிவிடும். அதனால் இறக்கும் முன் எண்ணிப் பாருங்கள்: கையில் இருக்கும் காய்கள் எத்தனை செக்குக்குக் காணும்? கடைசி செக்குக்குப் பிறகு ராஜா எங்கே நிற்கும்? மூன்று செக்குக்கு மேல் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பொறுங்கள், இன்னொரு காய் வரட்டும்.

காப்பதற்கு: எஃப், ஜி சிப்பாய்களை அவசியமில்லாமல் தள்ளாதீர்கள். தள்ளிய சிப்பாய் விட்டுச்சென்ற கட்டம் எதிராளியின் காய் இறங்கும் இடமாகிவிடும். குதிரைகளைச் சீக்கிரம் வெளியே எடுங்கள். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்தால் பத்திரம் என்ற பழக்கத்தை இங்கே முழுவதும் நம்ப முடியாது. வெள்ளை ராஜா ஜி1-இல், முன்னால் எஃப்2, ஜி2, எச்2 சிப்பாய்கள். கறுப்பு எச்3-இல் ஒரு சிப்பாயை இறக்குகிறது. ஜி2 சிப்பாய் அதை வெட்டினால் ராஜாவுக்கு முன்னால் சுவர் பிளந்துவிடும். வெட்டாமல் விட்டால் அது ஜி2-ஐ வெட்டும். இரண்டில் எது நடந்தாலும் எஃப்3, எச்3 கட்டங்கள் கறுப்புக்குக் குடியேற இடமாகும். இறக்கும் காய் எங்கே விழும் என்று காலிக் கட்டங்களைப் பார்ப்பதுதான் பக்ஹவுஸ் பார்வை. சாதாரண செஸ் ஆடிய கண், நிற்கும் காய்களை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கும்.

இனி நேரக் கணக்கு. பக்ஹவுஸில் நகர்த்தாமல் நிற்பதும் ஓர் ஆயுதம். நீங்கள் இப்போது நகர்த்தினால் செக்மேட் ஆகிவிடுவீர்கள், ஆனால் ஒரு குதிரை கையில் வந்தால் தப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கிறீர்கள், உங்கள் கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் போர்டில் உங்கள் கூட்டாளி தன் நகர்வை ஆடிவிட்டார், முறை அவருடைய எதிராளிக்கு. அவருக்கு உங்கள் நிலைமை தெரியும். எதை ஆடினாலும் ஒரு குதிரையை இழக்க வேண்டியிருக்கும் என்றால் அவரும் நிற்பார். இப்போது ஓடிக்கொண்டிருப்பவை உங்கள் கடிகாரமும் உங்கள் கூட்டாளியுடைய எதிராளியின் கடிகாரமும். உங்களிடம் 1 நிமிடம் 40 நொடி, அவரிடம் 1 நிமிடம் 10 நொடி என்றால் அவர்தான் நகர்த்தியாக வேண்டும், இல்லையேல் நேரம் தீர்ந்து அந்த அணி தோற்கும். உங்களுக்கு 30 நொடி மிச்சம். இதுவே தலைகீழாக இருந்தால் நீங்கள் செக்மேட்டுக்குள் நடந்து போக வேண்டியதுதான்.

ஆகவே எதிரே இருப்பவரின் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. குறுக்கே, பக்கத்துப் போர்டில் உங்கள் நிறத்திலேயே ஆடும் எதிரணிக்காரரின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில நகர்வுகளுக்கு ஒருமுறை அந்தப் பக்கம் கண் போக வேண்டும். இருவரில் ஒருவர் யோசித்து யோசித்து ஆடி ஒரு நிமிடம் பின்தங்கிவிட்டால், அவர் போர்டில் எவ்வளவு நல்ல நிலை இருந்தாலும் அணி ஆபத்தில் இருக்கிறது. சும்மா நிற்பதற்கு வரம்பு உண்டா என்று கேட்பார்கள். கடிகாரமே வரம்பு. கடிகாரம் இல்லாமல் பக்ஹவுஸ் ஆடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம், ஒருவர் நின்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே உறைந்துவிடும். இரண்டு கடிகாரம் இல்லாவிட்டால் இரண்டு போனில் இலவச செஸ் கிளாக் செயலி போதும்.

பேச்சைப் பொறுத்தவரை, கூட்டாளிகள் பேசலாம் என்பது விதி. ஆனால் பக்கத்துப் போர்டில் கை வைக்கக் கூடாது. நான் சொல்வது, பேச்சையும் ஐந்தாறு சொல்லுக்குள் அடக்குங்கள்: ‘குதிரை வேணும்’, ‘ராணி குடுக்காதே’, ‘நில்லு’, ‘ஆடு’, ‘எதுவும் வெட்டாதே’, ‘எது வந்தாலும் மேட்’. கூட்டாளியின் நகர்வை நீங்களே சொல்ல ஆரம்பித்தால் உங்கள் போர்டு கெடும், அவருக்கும் ஆடும் ஆசை போய்விடும். வீட்டில் பலமானவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு இதுதான். பதிலாக அவர் தன் போர்டில் எளிய நிலையைக் காப்பாற்றிக்கொண்டு, கூட்டாளி கேட்ட காயைப் பிடித்துக் கொடுப்பதை வேலையாக எடுத்துக்கொண்டால் அணி தானாகத் தேறும். அணி பிரிக்கும்போது பலமானவரையும் மிகப் பலவீனமானவரையும் ஒன்றாகப் போட்டு, நடுவிலுள்ள இருவரை எதிரே போடுங்கள். பலமானவருக்கு எதிரே உட்காருபவர் வேகமாக ஆடத் தெரிந்தவராக இருந்தால் ஆட்டம் இறுக்கமாக இருக்கும்.

புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் இன்னொரு கோளாறு, காய்களைச் சேர்த்து வைப்பது. கையில் ஆறு காய், போர்டில் ராஜா தனியாக. கையிலிருக்கும் காய் எதையும் காக்காது. தாக்க வழி இல்லையென்றால் ஒன்றிரண்டைச் சொந்த ராஜாவைச் சுற்றி இறக்கிவிடுங்கள். இறக்கும் பார்வையைத் தனியாகப் பழக கிரேஸிஹவுஸ் உதவும். ஒரே போர்டு, இருவர், வெட்டிய காய் நிறம் மாறி வெட்டியவருக்கே சொந்தம். ஜப்பானின் ஷோகி ஆட்டத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு இது. லிசெஸ் தளத்தில் கிரேஸிஹவுஸ் இலவசமாக ஆடலாம். பக்ஹவுஸுக்கு செஸ்.காம் போக வேண்டும்.

அடுத்தது ஹேண்ட் அண்ட் பிரெயின். ஒரு போர்டு, ஒரு கடிகாரம், பக்கத்துக்கு இருவர். ஒருவர் மூளை, ஒருவர் கை. மூளை காயின் பெயரை மட்டும் சொல்வார்: ‘குதிரை’. எந்தக் குதிரை, எந்தக் கட்டம் என்பது கையின் முடிவு. காஸ்லிங் வேண்டுமென்றால் ‘ராஜா’ என்று சொல்ல வேண்டும். சொன்ன காய்க்கு நகர இடமே இல்லையென்றால் மீண்டும் சொல்லலாம், அதற்குள் ஓடிய நேரம் ஓடியதுதான். அணிக்கு 10 நிமிடம், நகர்வுக்கு 5 நொடி கூடுதல் என்று வைத்தால் நிதானமாக ஆடலாம்.

இதன் ருசி முழுவதும் ஒரு சொல் எவ்வளவு சேதி சுமக்கிறது என்பதில் இருக்கிறது. ‘ராஜா’ என்றால் அநேகமாக ஓரிரு நகர்வுதான் சாத்தியம். ‘ராணி’ என்றால் இருபது. ‘சிப்பாய்’ என்றால் எட்டில் எது? எனவே மூளை மிகச் சிறந்த நகர்வைத் தேடக் கூடாது. கைக்குப் புரியக்கூடிய நகர்வுகளில் சிறந்ததைத் தேட வேண்டும். பலமானவர் எந்த வேடம் போடுவது என்று விவாதம் உண்டு. என் கருத்து: ஜெயிக்க வேண்டுமென்றால் பலமானவர் கையாக இருக்கட்டும். தவறான காயைச் சொன்னாலும் அதற்குள் சேதம் குறைந்த நகர்வை அவர் கண்டுபிடிப்பார். மாறாக மூளை சரியாக ‘ராணி’ என்று சொல்லி, கை அதை வெட்டுப்படும் கட்டத்தில் வைத்தால் மீட்க வழியில்லை. குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது நோக்கமென்றால் தலைகீழாக வையுங்கள். பெரியவர் ‘பிஷப்’ என்றதும், ஏன் பிஷப் என்று குழந்தை தானாக யோசிக்கத் தொடங்கும். அந்த யோசனை எந்தப் பாடத்தைவிடவும் ஆழமாகப் பதியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்: ‘குதிரைரைரை’ என்று இழுத்துச் சொல்வது, பெருமூச்சு விடுவது, போர்டின் ஒரு மூலையை முறைப்பது. சொல் ஒரே தொனியில் வர வேண்டும், மூளையின் பார்வை போர்டின் நடுவில் இருக்க வேண்டும்.

கூட்டாளிகள் பேசாமல் மாறிமாறி ஒரு நகர்வு ஆடும் வகையும் இருக்கிறது. போர்டும் காயும் தவிர எதுவும் தேவையில்லை என்பது அதன் நன்மை. மூன்று நகர்வுத் திட்டம் போடாதீர்கள், உங்கள் கூட்டாளி அடுத்ததை ஊகிக்க முடியாத எதையும் ஆடாதீர்கள். அவ்வளவுதான் அதன் உத்தி.

பலர் சேர்ந்து வாக்களித்து ஆடுவதற்குப் பெரிய உதாரணம் 1999-இல் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ், இணையத்தில் வாக்களித்த உலகத்தோடு ஆடிய ஆட்டம். ஒவ்வொரு நகர்வுக்கும் 24 மணி நேரம், ஜூன் 21 முதல் அக்டோபர் 22 வரை, 62 நகர்வு, வெள்ளையாக ஆடிய காஸ்பரோவ் வென்றார். கறுப்பின் 10-ஆவது நகர்வாக ராணியை இ6-க்குக் கொண்டுபோகும் யோசனை, உலக அணியின் ஆலோசகர்களில் ஒருவரான 15 வயது இரினா க்ரஷிடமிருந்து வந்தது. பள்ளியிலோ கிளப்பிலோ இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வாக்குக்கு முன் ஒவ்வொரு யோசனையும் எதிராளியின் சிறந்த பதிலோடு எழுதி வைக்கப்பட வேண்டும். வெறும் நகர்வைப் பட்டியலிட்டு வாக்கு கேட்டால் கண்ணுக்கு முதலில் படும் செக்கும் வெட்டும்தான் ஜெயிக்கும்.

இதுவரை சொன்னவற்றிலெல்லாம் எதிரே ஓர் அணி இருந்தது. வெள்ளையும் கறுப்புமே கூட்டாளிகளாகும் வகை ஹெல்ப்மேட். கறுப்பு ராஜாவைச் செக்மேட் செய்ய இரு தரப்பும் சேர்ந்து உழைக்கின்றன, அதுவும் சொன்ன எண்ணிக்கைக்குள். கறுப்பு முதலில் ஆடும். இரண்டு நகர்வு ஹெல்ப்மேட் என்றால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, அந்தக் கடைசி நகர்வில் மேட். செஸ் விதிகள் எதுவும் தளர்வதில்லை, செக் வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாக்ஸ் லாங்கே 1854-இல் இந்த வகையைத் தொடங்கினார், கறுப்பு முதலில் ஆடும் வடிவத்தைப் புதிர் அமைப்பாளர் சாம் லாய்ட் 1860-இல் கொடுத்தார். 1977 முதல் நடக்கும் உலக செஸ் புதிர் தீர்க்கும் போட்டியில் ஹெல்ப்மேட்டுக்குத் தனிச் சுற்றே உண்டு.

ஒரு நகர்வில் தொடங்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா எஃப்7, குதிரை இ5. கறுப்பு: ராஜா எச்8, குதிரை எஃப்8. கறுப்பு ஒன்று ஆட வேண்டும், வெள்ளை மேட் செய்ய வேண்டும். வெள்ளைக் குதிரை ஜி6-க்கு வந்தால் செக். ஜி7, ஜி8 இரண்டையும் வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறது. ஆனால் எச்7 திறந்திருக்கிறது, ஜி6-ஐ வெட்டவும் கறுப்புக் குதிரை தயாராக நிற்கிறது. இரண்டு தடையையும் ஒரே நகர்வு நீக்குகிறது: கறுப்புக் குதிரை எச்7-க்குப் போகிறது. தன் ராஜாவின் ஒரே வாசலை அடைத்து, ஜி6-இன் காவலையும் கைவிடுகிறது. வெள்ளைக் குதிரை ஜி6, மேட். வேறு எந்த நகர்விலும் இது முடியாது.

இப்போது இரண்டு நகர்வு. வெள்ளை: ராஜா எஃப்7, குதிரை சி4. கறுப்பு: ராஜா எச்8, குதிரை டி7, சிப்பாய் எஃப்6. ஹெல்ப்மேட்டைப் பின்னாலிருந்து தீர்க்க வேண்டும். மேட் ஆன படத்தை முதலில் மனத்தில் வரைந்து, அதற்கு யாருக்கு எத்தனை நகர்வு தேவை என்று எண்ணுங்கள். படம் பழையதுதான். வெள்ளைக் குதிரை சி4-இலிருந்து ஜி6-க்கு இரண்டு நகர்வு, வழி இ5 ஒன்றுதான். கறுப்புக் குதிரை டி7-இலிருந்து எச்7-க்கு இரண்டு நகர்வு. இரு தரப்பிலும் ஒரு நகர்வுகூட மிச்சமில்லை. எனவே தீர்வு: 1. கறுப்புக் குதிரை எஃப்8, வெள்ளைக் குதிரை இ5; 2. கறுப்புக் குதிரை எச்7, வெள்ளைக் குதிரை ஜி6 மேட். நடுவே எஃப்6 சிப்பாய் இ5 குதிரையை வெட்டலாம், வெட்டாமல் விடுவதுதான் கறுப்பின் உதவி.

அந்தச் சிப்பாய் ஏன் அங்கே என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டால் கறுப்புக் குதிரைக்கு எஃப்8 வழியாகவும் எஃப்6 வழியாகவும் எச்7 போகலாம். தீர்வு இரண்டாகிவிடும், இரண்டிலும் மேட் ஒன்றேதான். புதிர் அமைப்பவர்கள் இதைக் கெட்டுப்போன புதிர் என்பார்கள். ஹெல்ப்மேட்டில் இரண்டு மூன்று தீர்வு இருக்கலாம், ஆனால் அமைத்தவர் அதை முன்பே அறிவித்து, தீர்வுகள் ஒன்றுக்கொன்று இணையாக வருமாறு செய்திருக்க வேண்டும். நீங்களே அமைத்தால் போபாய் என்ற இலவச நிரலில் போட்டுச் சோதியுங்கள். வழக்கமான செஸ் எஞ்சின் இதற்கு உதவாது. கறுப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் என்று எண்ணியே அது கணக்குப் போடும்.

வீட்டில் இதை இருவர் ஆட்டமாகவும் ஆடலாம். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு, பேச்சு கிடையாது, ஆளுக்கு இரண்டு நகர்வு. மேட் ஆகவில்லை என்றால் காய்களைப் பழையபடி வைத்து மறுபடி. மேலே சொன்ன புதிரில் கறுப்பு எஃப்8 போனதும், வெள்ளை அதன் பொருளைப் படித்து இ5 வர வேண்டும். வராமல் வேறெங்கோ போனால் திட்டம் புரியவில்லை என்று கறுப்புக்குத் தெரிந்துவிடும். பலமானவரும் பலவீனமானவரும் சமமாக உட்கார்ந்து தேடக்கூடிய வகை இது ஒன்றுதான்.

போர்டைத் தொடக்க நிலையில் வைத்தே செய்யக்கூடிய கூட்டுப் பயிற்சி ஒன்றும் உண்டு. இரு தரப்பும் சேர்ந்து 10 நகர்வில் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் நகர வழியும் இல்லை) ஆக்க வேண்டும். சாம் லாய்டின் தீர்வு இது. 1. இ3, ஏ5. 2. ராணி எச்5, யானை ஏ6. 3. ராணி ஏ5 சிப்பாயை வெட்டுகிறது, எச்5. 4. ராணி சி7-ஐ வெட்டுகிறது, ஏ6 யானை எச்6-க்கு. 5. எச்4, எஃப்6. 6. ராணி டி7-ஐ வெட்டிச் செக், ராஜா எஃப்7. 7. ராணி பி7-ஐ வெட்டுகிறது, கறுப்பு ராணி டி3. 8. ராணி பி8 குதிரையை வெட்டுகிறது, கறுப்பு ராணி எச்7. 9. ராணி சி8 பிஷப்பை வெட்டுகிறது, ராஜா ஜி6. 10. ராணி இ6. கறுப்பிடம் இன்னும் பத்துக் காய் இருக்கிறது, நகர ஒன்றுக்கும் இடமில்லை. பலர் கடைசியில் எஃப்6 சிப்பாய் நகருமே என்று சந்தேகப்படுவார்கள். அது நகர்ந்தால் இ6 ராணிக்கும் ஜி6 ராஜாவுக்கும் நடுவே மறைப்பு போய்விடும், எனவே நகரக் கூடாது. ஜி5-க்கு ராஜா போகலாமே என்றால், 5-ஆவது நகர்வில் வெள்ளை எச்4 ஆடியது அதற்காகத்தான்.